ஓசை உண்டு, ஓட்டம் இல்லை



கேமரன் மலைக்குப் போய்வந்தவர்கள் அங்குள்ள பழைய லேண்ட் ரோவர் வண்டிகளைப் பார்க்காமல் திரும்பியிருக்க முடியாது. தானா ராத்தாவிலும் பிரிஞ்சாங்கிலும் கம்போங் ராஜாவிலும் முட்டைக்கோசுக் கூடைகளையும் உர மூட்டைகளையும் சுமந்துகொண்டு, வர்ணம் உதிர்ந்த நிலையிலும் அவை ஏற்றம் ஏறிக்கொண்டிருக்கின்றன. 1948ஆம் ஆண்டில் அறிமுகமான வண்டி அது. சீரீஸ் என்று அழைக்கப்படும் பழைய வரிசையின் மூன்றாவது வடிவம் 1971 முதல் 1985 வரை வெளிவந்தது. அதன் பிறகு வந்த வரிசைக்கு 1990இல் டிஃபெண்டர் என்று பெயர் சூட்டினார்கள். அந்தப் பழைய டிஃபெண்டரின் உற்பத்தியும் 2016 ஜனவரியில் நின்றுவிட்டது. ஆனால் மலையில் வேலை நிற்கவில்லை. தார் சாலையிலிருந்து இறங்கி, களிமண் பாதையில் காய்கறித் தோட்டம் வரை போய்வர இன்றும் பலருக்கு அந்த வண்டிதான் துணை.

இப்படி ஒரு மாலைப்பொழுதை எண்ணிப் பாருங்கள். மழை இப்போதுதான் விட்டிருக்கிறது. ஐம்பது வயதைக் கடந்த ஓட்டுநர் ஒருவர், தோட்டத்திலிருந்து கோசுக் கூடைகளை ஏற்றிக்கொண்டு மேட்டில் ஏறுகிறார். பக்கத்தில் உதவிக்கு ஓர் இளைஞர். பாதி ஏற்றத்தில் பின்பக்கத்திலிருந்து ‘டக்’ என்று ஒரே ஓர் ஓசை. அவ்வளவுதான். எஞ்சின் உறுமுகிறது, வண்டி நகரவில்லை. முதல் கியர், இரண்டாம் கியர், ரிவர்ஸ் எல்லாம் ஒழுங்காக விழுகின்றன. எதிலும் ஓட்டம் இல்லை. ஓட்டுநர் கால் பிரேக்கை மிதித்தபடி கைபிரேக்கை இழுக்கிறார். காலை மெல்லத் தளர்த்துகிறார். வண்டி பின்னோக்கி உருளத் தொடங்குகிறது. மறுபடியும் காலை அழுத்துகிறார்.

“அண்ணே, கியர்பாக்ஸ் போயிடுச்சு போல. அடியில பூந்து பார்க்கட்டுமா?” என்கிறார் இளைஞர்.

“அடியில போகாதே தம்பி. முதல்ல பெரிய கல்லா ரெண்டு எடுத்துச் சக்கரத்துக்குப் பின்னால போடு. பின்னால நிக்காதே, பக்கத்துல நின்னு போடு.”

ஓட்டுநர் சொன்ன இந்தப் பதிலில்தான் இன்றைய தலைப்பின் சாரம் முழுவதும் அடங்கியிருக்கிறது. அந்த நேரத்தில் அங்கே இரண்டு பொருள்கள் ஆபத்தில் இருந்தன. ஒன்று, அந்த இளைஞரின் உயிர். இன்னொன்று, ஓட்டுநரின் கையிருப்புப் பணம். கியர்பெட்டி போய்விட்டது என்று முடிவு கட்டி அதைப் பட்டறையில் இறக்கிப் பிரித்தால், செலவும் பல நாள் வருமானமும் ஒன்றாகப் போகும். உண்மையில் பழுது அங்கே இல்லையென்றால், அத்தனையும் வீண்.

சக்தி எந்த வழியாகப் போகிறது?

வயலுக்குத் தண்ணீர் வரவில்லை என்றால் விவரம் தெரிந்த விவசாயி முதலில் ஏரியை வெட்டப் போகமாட்டார். வாய்க்கால் ஓரமாக நடந்து, நடுவில் ஒரு மடையில் நின்று பார்ப்பார். அங்கே தண்ணீர் ஓடுகிறதா? ஓடினால் உடைப்பு அந்த மடைக்குக் கீழே. ஓடாவிட்டால் மேலே. ஒரே பார்வையில் பாதி வாய்க்காலைச் சந்தேகத்திலிருந்து விலக்கிவிடுவார். வண்டிக்கும் இதே வழிதான்.

கையால் கியர் மாற்றும் நான்கு சக்கர இயக்க வண்டியில் சக்தி எஞ்சினில் பிறக்கிறது. கிளச் வழியாகக் கியர்பெட்டிக்குள் நுழைகிறது. அங்கிருந்து டிரான்ஸ்பர் பெட்டிக்குப் போகிறது. வேகப் பாதையா, மெதுவான பாதையா என்பதையும், பின் சக்கரங்களுக்கு மட்டுமா, முன் சக்கரங்களுக்கும் சேர்த்தா என்பதையும் தீர்மானிப்பது இந்தப் பெட்டிதான். அதிலிருந்து முன்னும் பின்னும் இரண்டு நீண்ட தண்டுகள் புறப்படுகின்றன. அவை புரொபெல்லர் ஷாஃப்ட். ஒவ்வொரு தண்டும் ஓர் அச்சின் நடுவிலுள்ள டிஃபரன்ஷியலைச் சுழற்றுகிறது. டிஃபரன்ஷியலிலிருந்து வலப்பக்கம் ஒன்றும் இடப்பக்கம் ஒன்றுமாக இரண்டு ஹாஃப் ஷாஃப்டுகள் சக்கரங்களைத் திருப்புகின்றன.

இதில் ஒரு விநோதம் உண்டு. சாதாரண டிஃபரன்ஷியல் எந்தப் பக்கம் சுலபமோ அந்தப் பக்கம் சுழற்சியை விட்டுவிடும். வளைவில் வெளிச் சக்கரம் கூடுதல் தூரம் ஓட வேண்டியிருப்பதால் இந்த ஏற்பாடு தேவை. ஆனால் ஒரு ஹாஃப் ஷாஃப்ட் முறிந்துவிட்டால், முறிந்த துண்டு மட்டும் உள்ளே வீணாகச் சுற்றும். நல்ல பக்கத்துச் சக்கரம் அசையாது. முறிந்தது ஒன்றுதான், நின்றுபோவதோ இரண்டும். கரையில் ஓரிடத்தில் உடைப்பு ஏற்பட்டால் தண்ணீர் முழுவதும் அந்த வழியாகவே போய்விடுவதைப் போல.

முதல் வேலை: வண்டியை நிறுத்து

மேட்டில் நின்றுபோன வண்டியில் முதலில் கவனிக்க வேண்டியது பழுதை அல்ல, உருளும் ஆபத்தை.

கார்களில் கைபிரேக்கை இழுத்தால் அது பின் சக்கரங்களையே நேராகப் பிடிக்கும். சீரீஸ் லேண்ட் ரோவரிலும் பழைய டிஃபெண்டரிலும் அப்படியில்லை. அவற்றின் கைபிரேக், டிரான்ஸ்பர் பெட்டியின் பின்புறத்தில் உள்ள ஒரு டிரம்மில் இருக்கிறது. அது சக்கரத்தைப் பிடிப்பதில்லை. பின்பக்கத் தண்டைப் பிடிக்கிறது. தண்டு நின்றால் டிஃபரன்ஷியல் வழியாகச் சக்கரங்களும் நிற்கும் என்பது கணக்கு.

ஹாஃப் ஷாஃப்ட் முறிந்தால் அந்தக் கணக்கு பொய்த்துப்போகும். தண்டு அசையாமல் நிற்கும், சக்கரங்கள் உருளும். முதல் கியரில் போட்டு எஞ்சினை நிறுத்திவைத்தாலும் பயன் இல்லை, ஏனென்றால் கியரும் அதே தண்டைத்தான் பிடிக்கிறது. எத்தனையோ ஆண்டுகளாக நம்பிய கைபிரேக் அந்த நிமிடத்தில் கைவிட்டுவிடும். அந்த நேரத்தில் வண்டிக்கு அடியில் ஒருவர் படுத்திருந்தால் என்னவாகும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

இன்னொன்றையும் நினைவில் வையுங்கள். வண்டியில் ஒரு பழுதும் இல்லாவிட்டாலும், இந்த வகை வண்டியில் ஒரு பின் சக்கரத்தை ஜாக்கி போட்டுத் தூக்கினால் கைபிரேக் பிடித்துக்கொள்ளாது. தூக்கிய சக்கரம் காற்றில் சுற்றும். தரையிலுள்ள மற்றச் சக்கரம் உருளும். டயர் மாற்றும்போது நடக்கும் விபத்துகளுக்கு இதுவும் ஒரு காரணம்.

ஆகவே முதல் வேலை, கால் பிரேக்கிலிருந்து காலை எடுக்காமல், சக்கரங்களுக்குக் கல்லோ கட்டையோ முட்டுக் கொடுக்கச் செய்வது. முட்டுக் கொடுப்பவர் வண்டிக்குப் பின்னால் நிற்கக் கூடாது. முட்டு உறுதியாக அமர்ந்த பிறகுதான் மற்றவை.

கைபிரேக் சொன்ன செய்தி

இப்போது அந்த ஓட்டுநரின் நிலைக்குத் திரும்பி வாருங்கள். ஓட்டம் இல்லை. கைபிரேக்கும் பிடிக்கவில்லை. நேற்று வரை அதே மேட்டில் கைபிரேக் நன்றாகப் பிடித்தது. இரண்டு கெட்ட செய்திகள் போலத் தோன்றுகின்றன அல்லவா? இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் அது ஒரு நல்ல செய்தி.

கைபிரேக் டிரம்தான் இந்த வாய்க்காலின் நடுமடை. கிளச், கியர்பெட்டி, டிரான்ஸ்பர் பெட்டி மூன்றும் அந்த மடைக்கு மேலே இருக்கின்றன. அவற்றில் எது கெட்டாலும் வண்டி நகராது. ஆனால் கைபிரேக் பிடிக்கும். தண்டு, டிஃபரன்ஷியல், ஹாஃப் ஷாஃப்ட் மூன்றும் மடைக்குக் கீழே. அவற்றில் ஒன்று முறிந்தால் ஓட்டமும் போகும், கைபிரேக்கும் போகும். ஆக, அந்த ஓட்டுநர் இருக்கையைவிட்டு எழுவதற்கு முன்பே கியர்பெட்டி பெரும்பாலும் நிரபராதி என்று தெரிந்துகொண்டார்.

கைபிரேக் முன்பே தளர்ந்துபோயிருந்தால் இந்தச் சோதனை செல்லாது. அப்போது சாட்சி சொல்ல இன்னொன்று இருக்கிறது. அது வேகமானி.

சீரீஸ் வண்டிகளில் வேகமானிக்குச் சுழற்சி வருவது டிரான்ஸ்பர் பெட்டியின் பின்புறத்திலிருந்து. வண்டியை முட்டுக் கொடுத்து, கால் பிரேக்கை அழுத்திக்கொண்டு, கைபிரேக்கை விடுவித்து, இரண்டாம் கியரில் கிளச்சை மெதுவாக விடுங்கள். மூன்றில் ஒன்று நடக்கும். எஞ்சின் இழுபட்டு நின்றுவிட்டால் சக்தி சக்கரம் வரை போகிறது என்று பொருள். எஞ்சின் ஓடிக்கொண்டே இருந்து, வண்டி நிற்கும்போதே வேகமானி முள் எழுந்தால், சக்தி டிரான்ஸ்பர் பெட்டியைத் தாண்டிவிட்டது. பழுது அதற்குப் பின்னால். எஞ்சின் ஓடிக்கொண்டே இருந்து முள்ளும் அசையாவிட்டால் பழுது முன்னால். நல்ல கேபிள் உள்ள பழைய வண்டிக்குத்தான் இது பொருந்தும். புதிய வண்டிகள் பலவற்றில் சக்கரத்தருகே உள்ள உணரிகளிலிருந்து வேகம் கணக்கிடப்படுவதால் முள்ளை இப்படி நம்ப முடியாது.

இதற்கெல்லாம் முன்பே பார்க்க வேண்டிய மிக எளிய ஒன்று உண்டு. சீரீஸ் வண்டியில் சிவப்புக் குமிழ் வைத்த நெம்புகோல் முன்னால் இருந்தால் வேகப் பாதை, பின்னால் இருந்தால் மெதுவான பாதை. நடுவில் இருந்தால் எதுவுமே இல்லை, நியூட்ரல். முழங்கால் பட்டோ, சாமான் இடித்தோ, தேய்மானத்தால் தானாகவோ அது நடுவுக்கு நழுவிவிட்டால், எல்லாக் கியரும் விழும், வண்டி மட்டும் நகராது. ஒரு விரல் அசைவில் தீரும் குறைக்காகப் பட்டறைக்கு இழுத்துச் செல்லப்பட்ட வண்டிகளும் உண்டு.

கிளச்சா, கியர்பெட்டியா?

பழுது முன்பகுதியில் என்று தெரிந்தால் அடுத்த கேள்வி இது. பதில் பெரும்பாலும் வண்டியின் வரலாற்றில் இருக்கிறது.

கிளச் திடீரென்று சாவது குறைவு. பல வாரங்களுக்கு முன்பே அறிகுறி காட்டும். மேல் கியரில் மேடு ஏறும்போது எஞ்சின் வேகம் கூடும்; வண்டியின் வேகம் கூடாது. கருகிய வாடை வரும். பெடலில் சிறிதும் தளர்வு இல்லாமல் இருந்தால், கிளச் எப்போதும் பாதி மிதிக்கப்பட்ட நிலையிலேயே ஓடித் தேய்ந்திருக்கும். சிலர் இதற்கு நேர்மாறான குறையோடு குழப்பிக்கொள்கிறார்கள். பெடல் தரையோடு போய் ஒட்டிக்கொண்டு, கியர் விழவே மறுத்தால், அது கிளச் விடுபடாத குறை. எண்ணெய் ஒழுகியிருக்கலாம். அங்கே ஓட்டம் போகவில்லை. ஓட்டத்தைத் துண்டிக்க முடியவில்லை.

லேண்ட் ரோவரில் கிளச் இருக்கும் கூட்டின் அடியில் ஒரு சிறு துளை உண்டு. ஆழமான நீரைக் கடக்கும்போது மட்டும் அதை ஒரு திருகால் அடைக்க வேண்டும். மற்ற நேரங்களில் திறந்திருக்க வேண்டும். அந்தத் துளையில் எண்ணெய் சொட்டினால் கிளச் தட்டு நனைந்திருக்கிறது என்று அறியலாம். சொட்டும் எண்ணெய் கறுப்பாக இருந்தால் எஞ்சின் பக்கத்திலிருந்து வருகிறது. கந்தகம் போன்ற காட்டமான வாடை இருந்தால் கியர் எண்ணெய். எந்த சீலை மாற்றுவது என்பதைக் கழற்றாமலே மூக்கு சொல்லிவிடும்.

கிளச்சின் நடுப்பகுதி பிய்ந்துபோனால் வாடையே வராமல் ஓட்டம் நின்றுவிடும். அதற்கும் ஒரு சோதனை உண்டு. எஞ்சின் ஓடும்போது நியூட்ரலில் வைத்துக் காது கொடுத்துக் கேளுங்கள். பழைய கியர்பெட்டியில் மெல்லிய இரைச்சல் கேட்கும்; பெடலை மிதித்தால் அது அடங்கும். விட்டால் மறுபடியும் எழும். அப்படி மாறினால் கிளச் கியர்பெட்டியைச் சுழற்றுகிறது. மிதித்தாலும் விட்டாலும் ஒரே ஓசையென்றால், சுழற்சி கிளச்சிலேயே தேங்கிவிட்டது.

ஒரு கியரில் மட்டும் ஓட்டம் இல்லை, மற்றவற்றில் உண்டு என்றால் கியர்பெட்டிக்குள்தான் குறை. எந்தக் கியரிலும் இல்லை, கிளச்சும் நன்றாக இருக்கிறது என்றால் டிரான்ஸ்பர் பெட்டியையும் அதற்குள் நுழையும் தண்டின் பற்களையும் சந்தேகிக்க வேண்டும். டிஃபெண்டர் வண்டிகள் பலவற்றில் இது பேர்போன பலவீனம். கியர்பெட்டித் தண்டும் டிரான்ஸ்பர் பெட்டியின் முதல் பல்சக்கரமும் சேருமிடத்தில் எண்ணெய் சரியாகப் போய்ச் சேராமல், உள்பற்கள் மழுங்கிவிடும். பின்னாளில் எண்ணெய் புகத் துளையிட்ட பல்சக்கரம் வந்தது. டிரான்ஸ்பர் பெட்டியின் பின்புறத்தில் உள்ள சிறு மூடியைத் திறந்தால் இந்த இடம் கண்ணில் படும். தண்டு சுற்றி, பல்சக்கரம் நின்றால் சந்தேகமே இல்லை. பெட்டி முழுவதையும் இறக்குவதற்கு முன் அந்த மூடியைத் திறந்து காட்டும்படி மெக்கானிக்கிடம் கேட்பதில் தவறில்லை.

மஞ்சள் குமிழ் என்ன சொல்லும்?

பழுது பின்னால் என்றால் மிகச் சிறந்த சோதனை நான்கு சக்கர இயக்கமே. பின்வழி அடைபட்டாலும் முன்வழி இருக்கிறது அல்லவா?

சீரீஸ் வண்டியில் மஞ்சள் குமிழை அழுத்தினால் வேகப் பாதையிலேயே முன் அச்சுக்கும் சக்தி போகும். அப்போது வண்டி நகர்ந்தால் கிளச், கியர்பெட்டி, டிரான்ஸ்பர் பெட்டி மூன்றும் நலம். பின் அச்சில்தான் பழுது என்று உறுதியாகிவிடும்.

இங்கே இரண்டு இடங்களில் ஏமாற வாய்ப்புண்டு. முன் சக்கரங்களின் மையத்தில், கையால் திருப்பிப் பூட்டும் ஹப் சில வண்டிகளில் பொருத்தப்பட்டிருக்கும். அது திறந்திருந்தால் மஞ்சள் குமிழை எத்தனை முறை அழுத்தினாலும் முன் சக்கரத்துக்குச் சக்தி போகாது. நல்ல டிரான்ஸ்பர் பெட்டியைக் கெட்டது என்று முடிவு கட்டிவிடுவீர்கள். ஆகவே இறங்கி, இரண்டு பக்கமும் ஹப்பைப் பூட்டிய பிறகே சோதிக்க வேண்டும்.

இரண்டாவது, சீரீஸ் வண்டியில் சிவப்பு நெம்புகோலைப் பின்னால் இழுத்து மெதுவான பாதைக்கு மாற்றினால், முன் அச்சும் தானாகவே சேர்ந்துகொள்ளும். ஆகவே “வேகப் பாதையில் ஓடவில்லை, மெதுவான பாதையில் ஓடுகிறது, எனவே டிரான்ஸ்பர் பெட்டிதான் கெட்டுவிட்டது” என்று சொல்வது அவசர முடிவு. ஓட வைத்தது முன் அச்சாகவும் இருக்கலாம். முதலில் வேகப் பாதையில் மஞ்சள் குமிழை அழுத்திப் பாருங்கள். அதிலும் ஓடினால் டிரான்ஸ்பர் பெட்டியைக் குறை சொல்ல இடமில்லை.

டிஃபெண்டரின் கதை சற்று வேறு. அதில் நான்கு சக்கரங்களுக்கும் எப்போதும் சக்தி போகிறது. முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் நடுவில் இன்னொரு டிஃபரன்ஷியல் இருக்கிறது. அதனால் முன்னாலோ பின்னாலோ ஒரே ஒரு ஹாஃப் ஷாஃப்ட் முறிந்தாலும் நான்கு சக்கரங்களும் நின்றுவிடும். பார்ப்பவருக்குப் பேரிழப்பு போலத் தெரியும். நடு டிஃபரன்ஷியலைப் பூட்டும் நெம்புகோலைப் போட்டு, விளக்கு எரிகிறதா என்று பார்த்துவிட்டுக் கிளச்சை விட்டால், நல்ல அச்சின் துணையோடு வண்டி நகரும். முன்பக்கம் முறிந்திருந்தால் கைபிரேக் வழக்கம்போலப் பிடிக்கும் என்பதையும் நினைவில் வையுங்கள். ஆகவே டிஃபெண்டரில் கைபிரேக் பிடிக்கிறது என்பதற்காக மட்டும் கியர்பெட்டியைக் குற்றம் சொல்ல முடியாது.

எந்தப் பக்கம் முறிந்தது?

சமதரையில், முட்டுக் கொடுத்து, இரண்டு பின் சக்கரங்களையும் தூக்கி உறுதியான தாங்கிகளில் நிறுத்துங்கள். எஞ்சின் நிற்க வேண்டும். பின்தண்டு அசையாதபடி கைபிரேக் இழுத்திருக்க வேண்டும். ஒரு சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள். இரண்டு ஹாஃப் ஷாஃப்டும் முழுமையாக இருந்தால் மறுபக்கச் சக்கரம் எதிர்த்திசையில் சுற்றும். மறுபக்கம் அசையாவிட்டால் எங்கோ முறிவு உண்டு.

இந்த வண்டிகளின் அச்சில் ஒரு நன்மை இருக்கிறது. வண்டியின் பாரத்தையும் சக்கரத்தையும் தாங்குவது வெளிக்குழாய். ஹாஃப் ஷாஃப்டின் வேலை சுழற்றுவது மட்டுமே. எனவே அது முறிந்தாலும் சக்கரம் கழன்று விழாது. சக்கரத்தைக் கழற்றாமலே, மையத்திலுள்ள போல்டுகளை எடுத்து ஹாஃப் ஷாஃப்டை வெளியே உருவலாம். பாதியாக வந்தால் அதுதான் குற்றவாளி. உள்ளே தங்கிய துண்டையும் தவறாமல் எடுத்தாக வேண்டும். இரண்டும் முழுதாக வந்தால் டிஃபரன்ஷியலைத் திறக்க வேண்டும். முன்பே அரைக்கும் ஓசை கேட்டிருந்தாலும், வடிக்கும் எண்ணெயில் உலோகத் துணுக்குகள் இருந்தாலும் அந்தப் பக்கமே கை நீளட்டும். டிஃபெண்டர்கள் பலவற்றில் ஹாஃப் ஷாஃப்ட் முறியாமல், சக்கர மையத்தில் அது சேரும் பற்கள் மட்டும் தேய்ந்துபோவதும் உண்டு. அங்குள்ள ரப்பர் மூடியை எடுத்துப் பார்த்தால் தெரியும்.

ஹைலக்ஸ் போன்ற பெரும்பாலான பிக்கப் வண்டிகளுக்கு இதை அப்படியே பொருத்திவிடாதீர்கள். அவற்றில் கைபிரேக் பின் சக்கரங்களிலேயே இருப்பதால் மேலே சொன்ன கைபிரேக் சோதனை செல்லாது. அதைவிட முக்கியம், அவற்றில் பின் ஷாஃப்ட் சக்கரத்தையும் தாங்குகிறது. அது முறிந்தால் சக்கரமே விலகிப்போகலாம். முன் சக்கர இயக்கத்தைப் போட்டு வீடு போய்ச் சேரலாம் என்ற எண்ணம் அங்கே கூடவே கூடாது. இழுவை வண்டியைக் கூப்பிடுவதே புத்திசாலித்தனம்.

மேட்டில் நின்றவர்கள் என்ன செய்தார்கள்?

இளைஞர் பக்கத்தில் நின்று இரண்டு கற்களை முட்டுக் கொடுத்தார். பிறகு முன் சக்கரங்களுக்குப் போய் இரண்டு ஹப்பையும் பூட்டினார். ஓட்டுநர் மஞ்சள் குமிழை அழுத்தினார். முதல் கியரில் கிளச்சை மெல்ல விட்டார். வண்டி ஓர் அடி முன்னால் நகர்ந்தது.

“ஏறிடலாம்ணே, அப்படியே விடுங்க!”

“பாரம் பின்னால இருக்கு தம்பி. மண்ணும் ஈரம். முன் சக்கரம் மட்டும் இழுத்தா வழுக்கும். நகர்ந்துச்சுல்ல, அது போதும். கியர்பாக்ஸ் நல்லாத்தான் இருக்கு.”

கற்களை எடுத்துவிட்டு, ரிவர்ஸ் கியரில், கால் பிரேக்கைத் தொட்டபடி சமதரைக்கு இறக்கினார்கள். முன் அச்சும் சேர்ந்துவிட்டதால் இப்போது கைபிரேக் முன் சக்கரங்களின் துணையால் பிடித்தது. ஆனாலும் நான்கு பக்கமும் முட்டுக் கொடுத்துவிட்டே வீட்டுக்கு நடந்தார்கள். மறுநாள் காலையில் இடப்பக்க ஹாஃப் ஷாஃப்ட் பாதியாக வெளியே வந்தது. பட்டறையில் கியர்பெட்டியை இறக்க வேண்டிய அவசியமே வரவில்லை.

முறியாமல் காப்பது எப்படி?

இரும்பும் காரணம் இல்லாமல் முறிவதில்லை. சீரீஸ் போன்ற வண்டிகளில் முன் அச்சைச் சேர்த்தபடி காய்ந்த தார் சாலையில் ஓட்டுவது முதல் தவறு. வளைவில் முன் அச்சும் பின் அச்சும் ஒரே தூரம் ஓடுவதில்லை. மண்ணில் சக்கரம் கொஞ்சம் வழுக்கி அந்த வேறுபாட்டைச் சரிசெய்துகொள்ளும். தாரில் வழுக்க முடியாமல், அந்த முறுக்கம் முழுவதும் தண்டுகளில் ஏறும். முன்னும் பின்னும் வெவ்வேறு அளவு டயர் போடுவதும் இதே தீங்கைச் செய்யும்.

சேற்றில் சக்கரத்தை வேகமாகச் சுழலவிட்டு, அது திடீரென்று கெட்டித்தரையைப் பிடிப்பது இரண்டாவது. கிளச்சைச் சட்டென்று விடுவது மூன்றாவது. அளவுக்கு மீறிய பாரம் நான்காவது. ஓடும்போதே கைபிரேக்கை இழுப்பது ஐந்தாவது. தண்டைப் பிடிக்கும் பிரேக் ஆதலால், வண்டியின் வேகம் முழுவதும் ஹாஃப் ஷாஃப்டில் இடிக்கும். கியர்பெட்டி, டிரான்ஸ்பர் பெட்டி, இரண்டு டிஃபரன்ஷியல் ஆகியவற்றின் எண்ணெய் அளவைத் தவறாமல் பார்த்து, தண்டு மூட்டுகளுக்குக் கிரீஸ் அடிப்பது அதிகச் செலவில்லாத காப்பு.

பட்டறைக்குப் போகும்போது “வண்டி ஓடவில்லை” என்று மட்டும் சொல்லாதீர்கள். என்ன ஓசை கேட்டது, எந்த வாடை வந்தது, கைபிரேக் பிடித்ததா, முள் எழுந்ததா, முன் அச்சைச் சேர்த்தால் நகர்ந்ததா என்று இந்த ஐந்தையும் வரிசையாகச் சொல்லுங்கள். நல்ல மெக்கானிக் மகிழ்ச்சியோடு கேட்டுக்கொள்வார். அவருடைய வேலையில் பாதி அங்கேயே முடிந்துவிடும். கேட்க விரும்பாமல், பார்க்காமலே கியர்பெட்டியை மாற்ற வேண்டும் என்பவரிடம் வண்டியை விடுவதற்கு முன் இன்னொருவரையும் கேட்டுப் பார்ப்பது நல்லது.

ஒன்றை மட்டும் மறந்துவிடாதீர்கள். மேட்டில் வண்டி நின்றால் முதலில் கல். பிறகுதான் கேள்வி. கழற்றுவது எல்லாவற்றுக்கும் கடைசி.